ஓர் இளைஞர் கடலிலிருந்து வீட்டிற்கு எழுதிய கடிதங்கள்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழா மேடையில் ஏறுவோர் கழகம் தோன்றி வளர்ந்த வரலாற்றை எடுத்துரைப்பது மரபு. அப்பணியை நமக்கு முன் பேசிய பெரியோர்கள் குறைவற நிறைவேற்றிவிட்டார்கள். எனவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். இருபத்திரண்டு வயதில் கப்பலேறி ஐந்தாண்டுக் காலம் உலகைச் சுற்றிய ஓர் இளைஞர், தம் தந்தைக்கும் உடன்பிறந்த பெண்களுக்கும் எழுதிய கடிதங்களே அப்பொருள். அவ்விளைஞரின் பெயர் சார்லஸ் டார்வின்.

அந்தப் பெயரைக் கேட்டவுடன் உயிரியல் பாடநூலில் அச்சிட்டிருக்கும் நரைத்த நீண்ட தாடி நம் நினைவிற்கு வருகிறது. நாம் கூற வந்தது தாடி முளைப்பதற்கு முற்பட்ட டார்வினைப் பற்றி. பரிணாமக் கொள்கையை அறிவியல் ஆசிரியர்கள் விளக்குவார்கள். அதனை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தில் சுரூஸ்பரி என்னும் ஊரில் டார்வின் பிறந்தார். தந்தை புகழும் செல்வமும் மிக்க மருத்துவர். எட்டு வயதில் தாயை இழந்த சிறுவனை தமக்கை கரோலின் தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தார், கண்டிப்புடன்தான். அவர் இருக்கும் அறைக்குள் நுழையும்போதெல்லாம் இன்று எதற்காகத் திட்டு விழுமோ என்று எண்ணிக்கொண்டே நுழைவாராம் தம்பி. மருத்துவம் படிக்க 1825இல் எடின்பரோ நகருக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அறுவை அறையிலிருந்து ஓடி வந்தவர் மருத்துவப் படிப்பையே விட்டார். பின்னர்ப் பாதிரியாராக்கலாம் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கும் பாடத்தைவிட வண்டு சேகரிப்பதிலேயே ஆர்வம் மிகுந்தது. தந்தையின் பார்வையில், உருப்படாமற் போகக்கூடிய பிள்ளை என்பதே அன்றைய மதிப்பீடு.

எடின்பரோ வாழ்க்கையில் ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் மேலே செல்ல நமக்கு மனமில்லை. அந்நகரில் ஜான் எட்மன்ஸ்டன் என்னும் கறுப்பின மனிதர் வாழ்ந்தார். தென் அமெரிக்கக் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். இறந்த பறவைகளின் தோலை உரித்துப் பஞ்சடைத்துப் பாடம் செய்யும் தொழிலில் வல்லவர். அவரிடம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வீதம் இரண்டு மாதம் பயிலப் போவதாகவும் அதற்குக் கூலி ஒரே ஒரு கினிதான் என்றும் பதினாறு வயது டார்வின் தமக்கை சூசனுக்கு 1826இல் எழுதியிருக்கிறார். பின்னாளில் உலகெங்கும் சேர்த்த பறவைகளைக் கெடாமற் காத்து ஊர் அனுப்பும் கைத்தொழிலை அவருக்குக் கற்றுத் தந்த ஆசான் ஒரு முன்னாள் அடிமை. பாடநூல்களில் இப்பெயர் அரிதாகவே காணப்படுகிறது.

இனி, கப்பற் பயணம். 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஹென்ஸ்லோவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தென் அமெரிக்கக் கடற்கரைகளை அளந்து வரைபடம் தீட்டப் 'பீகிள்' என்னும் அரசுக் கப்பல் புறப்படுகிறது, அதன் தலைவர் பிட்ஸ்ராய் உடன் பயணம் செய்ய ஓர் இயற்கை ஆராய்ச்சியாளரைத் தேடுகிறார், செல்லச் சம்மதமா என்பது செய்தி. சம்பளம் கிடையாது, செலவும் சொந்தச் செலவு. தந்தை மறுத்தார். மகனும் மறுப்புக் கடிதம் எழுதிவிட்டார். ஆயினும் தந்தை ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்திருந்தார். அறிவுள்ள மனிதர் ஒருவரேனும் இந்தப் பயணத்தை ஆதரித்தால் தாம் இசைவதாகச் சொல்லியிருந்தார்.

தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் ஆதரித்தார். மருமகனைக் கொண்டு தந்தையின் மறுப்புகளை ஒரு பட்டியலாக எழுதச் செய்தார். மொத்தம் எட்டு. பிற்காலத்தில் பாதிரியாராகும் ஒருவனுக்கு இது பெருமை தராது. இது வெறித்தனமான திட்டம். இவனுக்கு முன் பலரைக் கேட்டிருப்பார்கள். அவர்கள் ஏற்கவில்லையெனில் கப்பலிலோ பயணத்திலோ ஏதோ கோளாறு இருக்கவேண்டும். திரும்பி வந்தபின் ஓரிடத்தில் நிலைத்து வாழமாட்டான். கப்பலில் வசதி இராது. இதுவும் தொழிலை மீண்டும் மாற்றிக்கொள்வதே. இதனால் ஒரு பயனும் இல்லை. நம் தெருக்களில் மகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று கேட்கும்போது வரும் விடைகளுக்கும் இவற்றிற்கும் பெரிய வேறுபாடு நமக்குத் தெரியவில்லை. மாமன் எட்டிற்கும் ஒவ்வொன்றாக அமைதியாக மறுமொழி எழுதினார். 'அறிவுள்ள மனிதர்' என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டது. தந்தை இசைந்தார். பையன் படிக்க வேண்டும் என்று தாய்மாமனோ சிற்றப்பாவோ ஒருவர் எழுந்து பேசியதால் படித்தவர்கள் இந்த அவையிலும் பலர் இருப்பார்கள்.

புயலால் இருமுறை துறைமுகத்திற்கே திரும்பியபின், 1831 டிசம்பர் 27இல் கப்பல் புறப்பட்டது. நீளம் ஏறத்தாழ 90 அடி. அதற்குள் எழுபதுக்கு மேற்பட்ட மனிதர்கள். வரைபட மேசை இருந்த சிற்றறையில் தொங்கு படுக்கை கட்டி உறங்கினார் டார்வின். கால் நீட்ட இடம் போதாமல், இரவுதோறும் இழுப்பறை ஒன்றைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. குமட்டலும் வாந்தியும் தொடக்கத்திலிருந்தே பிடித்துக்கொண்டன. உலர்ந்த திராட்சையும் பிஸ்கோத்துமே வயிற்றில் தங்கின. முதற் கடிதத்தைத் தந்தைக்கு 1832 பிப்ரவரி 8ஆம் நாள் நடுக்கடலில் தொடங்கி, மார்ச் முதல் நாள் பிரேசில் நாட்டுப் பாகியா துறையில் முடித்திருக்கிறார். தாம் எண்ணிப் பார்த்ததைவிடப் பன்மடங்கு கொடியது கடல்நோய் என்று அதில் ஒளிக்காமல் எழுதினார். பயணத்தை எதிர்த்த தந்தைக்கு எழுதும் முதற் கடிதத்தில் துன்பத்தை மறைத்திருக்கலாம். அவர் மறைக்கவில்லை. அதே கடிதத்தில் வெப்ப மண்டலக் காடுகளைக் கண்ட களிப்பும் பொங்கி வழிகிறது.

பள்ளியில் கடிதம் எழுதப் பழக்கும்போது, 'நலம், நலமறிய அவா' என்று தொடங்கி 'இப்படிக்குத் தங்கள் அன்புள்ள' என்று முடிக்கக் கற்றுத் தருகிறோம். இடையில் என்ன எழுதுவது என்பதைக் கற்றுத் தருவதில்லை. இக்கடிதங்களைப் படித்தால் அது விளங்கும். கண்டது, உண்டது, செலவழித்தது, நாணியது, சினந்தது அனைத்தும் இருக்கின்றன.

கடிதம் போய்ச் சேர்வதும் இன்றுபோல் எளிதன்று. கப்பல் எந்தத் துறையில் எப்போது நிற்கும் என்று கணக்கிட்டு அந்தத் துறைக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். கடிதம் மாதக்கணக்கில் கடலில் மிதந்து வரும். உடன்பிறந்த பெண்களுள் கரோலின், சூசன், தங்கை கேத்தரின் ஆகிய மூவரும், மாதம் ஒருவராக முறை வைத்து எழுதிவந்தார்கள். ரியோ நகரில் கிடைத்த முதற் கடிதக் கட்டிலேயே, தாம் விரும்பிய பெண்ணுக்கு வேறொருவருடன் திருமணம் உறுதியான செய்தி வந்துவிட்டது. 1836 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் சிட்னி துறையை அடைந்தபோது ஒரு கடிதமும் காத்திருக்கவில்லை. அந்த ஏமாற்றத்தைச் சூசனுக்கு எழுதிய வரிகளில் காண்கிறோம்.

நாள்தோறும் எழுதிய குறிப்பேட்டையும் பகுதி பகுதியாக வீட்டிற்கு அனுப்பிவைத்தார். அதைப் படித்த கரோலின் 1833 அக்டோபரில் ஒரு திறனாய்வே எழுதிவிட்டார். ஹம்போல்ட் என்னும் செர்மானியப் பயணியின் நூல்களை மிகுதியாகப் படித்ததால் அவருடைய அலங்கார நடை தம்பியின் எழுத்திலும் ஒட்டிக்கொண்டது, தம்பிக்கே உரிய எளிய நேரான நடைதான் நன்று என்பது அவர் கருத்து. தம்பி சினம் கொள்ளவில்லை. அக்குறைகள் நியாயமானவையே என்று ஒப்புக்கொண்டு 1834இல் மறுமொழி அனுப்பினார். கல்லூரிக்குள் அடியெடுத்து வைக்காத ஒரு பெண் (அன்று பெண்களுக்கு அந்நாட்டிலும் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை) உலகின் பெரும் அறிஞர் ஒருவரின் உரைநடையைத் திருத்தியிருக்கிறார்.

நாம் இக்கடிதங்களைத் தேடிப் படித்ததற்கு உண்மையான காரணம் வேறு. டார்வின் கால் வைத்த பிரேசில், அடிமை நாடு. அவருடைய தாய்வழிப் பாட்டனார், மாமனின் தந்தை, மண்பாண்டத் தொழிலில் பெரும்புகழ் பெற்றவர். சங்கிலி பூட்டிய கறுப்பின மனிதர் மண்டியிட்டு இறைஞ்சும் உருவம் பொறித்த சிறு பீங்கான் பதக்கங்களை 1787இல் செய்து அடிமை ஒழிப்பு இயக்கத்திற்கு வழங்கியவர். அத்தகைய குடும்பத்துப் பிள்ளை அடிமை முறையைக் கண்ணெதிரே கண்டார். ரியோவில் அவர் தங்கிய வீட்டிற்கு எதிர்வீட்டு மூதாட்டி, தம் அடிமைப் பெண்களின் விரல்களை நசுக்குவதற்கென்றே திருகு கருவிகளை வைத்திருந்தார். இது டார்வின் பின்னர் வெளியிட்ட பயண நூலில் உள்ளது.

அந்நூலில் இன்னொரு நிகழ்ச்சி. படகில் ஆற்றைக் கடக்கும்போது, மொழி புரியாத கறுப்பின ஆள் ஒருவரிடம் ஏதோ விளக்க முயன்று, குரலை உயர்த்திக் கையை அசைத்திருக்கிறார். கை முகத்தருகே சென்றது. அவர் அடிக்கப் போகிறார் என்று எண்ணிய அம்மனிதர், நல்ல உடல்வலிமை உடையவராயிருந்தும், தடுப்பதற்குக் கூடக் கையை உயர்த்தாமல், இரு கைகளையும் தொங்கவிட்டு, கண்களைப் பாதி மூடி அடியை எதிர்பார்த்து நின்றார். அந்தக் காட்சி தந்த வெட்கத்தைத் தம்மால் மறக்கவே இயலாது என்று டார்வின் எழுதுகிறார். நம் பெரியவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டிய தேவையில்லை. தோளிலிருந்த துண்டு இடுப்பிற்கு இறங்கிய காலத்தை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

1832இல் பாகியாவில் கப்பல் தலைவர் பிட்ஸ்ராயுடன் ஒரு பூசல் மூண்டது. பிட்ஸ்ராய் அடிமை முறையை ஆதரித்துப் பேசினார். தாம் கண்ட பெருநிலக்கிழார் ஒருவர் தம் அடிமைகளை அழைத்து, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா, விடுதலை வேண்டுமா என்று வினவியபோது, எல்லாரும் வேண்டாம் என்றே சொன்னதாகச் சான்று காட்டினார். ஆண்டையின் முன்னிலையில் அடிமை சொல்லும் விடைக்கு ஏதேனும் மதிப்பு உண்டா என்று திருப்பிக் கேட்டார் டார்வின். பிட்ஸ்ராய்க்குக் கடுஞ்சினம் மூண்டது. இனி இருவரும் சேர்ந்து வாழ முடியாது என்றார். சில மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினார் என்பதையும் கூறிவிட வேண்டும். முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் டார்வின் இதனைக் குறித்துள்ளார். இருபத்து மூன்று வயது இளைஞர், அதுவும் தலைவரின் தயவால் கப்பலில் இடம் பெற்றவர், நடுக்கடல் வாழ்வில் இப்படிக் கேட்பது எளிதன்று. அந்த ஒரு கேள்வி, எங்கள் ஊரில் எல்லாரும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள் என்று விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் மணியக்காரர் வீட்டுத் திண்ணையிலேயே வாக்குமூலம் வாங்கித் தரும் ஊர்கள் அனைத்திற்கும் பொருந்தும்.

1833ஆம் ஆண்டு தங்கை கேத்தரினுக்கு எழுதிய கடிதத்தில் இதன் தொடர்ச்சி வருகிறது. அடிமை நாடுகளில் வாழ்ந்தால் உன் கருத்து மாறிவிடும் என்று பலர் தம்மிடம் கூறியதாகவும், மாறியது ஒன்றே ஒன்றுதான், கறுப்பின மக்களின் பண்பைப் பற்றித் தாம் கொண்டிருந்த மதிப்பு முன்னிலும் உயர்ந்துவிட்டது என்றும் எழுதினார். அடிமை முறையை முற்றிலும் ஒழிக்கும் முதல் ஐரோப்பிய நாடாக இங்கிலாந்து விளங்கினால் அது எத்துணைப் பெருமை என்றும் அக்கடிதத்தில் மகிழ்ந்தார்.

அவ்வாண்டே ஆகஸ்டு மாதம் சட்டம் வந்தது. 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கும் வந்தது. இரண்டு கோடி பவுன் இழப்பீடு கொடுத்தார்கள், அடிமைகளுக்கன்று, ஆண்டைகளுக்கு! இன்னொன்றையும் நம் இளைஞர்கள் அறிய வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அச்சட்டம் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். தமிழ்நாட்டு நஞ்சை நிலங்களில் நிலத்தோடு சேர்த்தும் தனித்தும் விற்கவும் ஒத்தி வைக்கவும் பட்ட நம் முன்னோருக்கு, டார்வின் மகிழ்ந்த அந்தச் சட்டத்தால் ஒரு பயனும் விளையவில்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம்தான் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. அடிமையாக ஒருவரை வாங்குவதும் விற்பதும் குற்றமாகிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்தது. பண்ணையாள் முறை அதன் பின்னும் எவ்வளவு காலம் நீடித்தது என்பதை இங்கே விரிக்கத் தேவையில்லை.

டார்வினை நாம் தெய்வமாக்க வரவில்லை. தென் அமெரிக்காவின் தென்கோடியில் வாழ்ந்த ஃபியூகிய மக்களைப் பற்றி அவர் எழுதியவை படிக்கக் கசப்பானவை. குளிரில் ஆடையின்றி வாழ்ந்த அவர்களை மனிதரில் கடைப்பட்டவர்களாக எண்ணினார். அவர்கள் மனித இறைச்சி உண்போர் என்ற பொய்க் கதையையும் நம்பி எழுதினார். பிட்ஸ்ராய் முந்தைய பயணத்தில் அம்மக்களுள் நால்வரை இங்கிலாந்திற்குக் கொண்டு சென்றிருந்தார். ஒருவர் பெரியம்மையால் இறந்தார். எஞ்சிய மூவரும் ஆங்கிலம் பயின்று, மன்னரையும் கண்டு, டார்வினுடன் இதே கப்பலில் ஊர் திரும்பினார்கள். அவர்களுள் ஜெம்மி பட்டன் என்று வெள்ளையர் பெயரிட்ட இளைஞரை 1833 ஜனவரியில் அவருடைய மண்ணில் இறக்கிவிட்டார்கள். 1834 மார்ச்சில் மீண்டும் கண்டபோது அவர் மெலிந்து, பழைய கோலத்திற்கே திரும்பியிருந்தார். கப்பலில் உணவருந்த அழைத்தபோது கத்தியையும் முள்கரண்டியையும் பிழையறக் கையாண்டார். மீண்டும் இங்கிலாந்து வர அவருக்கு விருப்பமில்லை. நண்பர்களுக்கென்று தோலும் ஈட்டி முனைகளும் அம்புகளும் பரிசளித்துச் சென்றார். கல்வியை ஒருவர் மீது போர்த்தி அவருடைய மக்களிடமிருந்து அவரைப் பிரித்துவிடலாம் என்னும் எண்ணம் அங்கே தோற்றது. டார்வினும் இதனை ஓரளவு உணர்ந்தார். 1871இல் வெளியிட்ட நூலில், ஃபியூகிய நண்பர்களின் மனம் நம் மனத்தை எத்துணை ஒத்திருந்தது என்று வியந்து எழுதுகிறார். தாம் ஒருகாலத்தில் நெருங்கிப் பழகிய ஒரு கறுப்பின மனிதரையும் அவ்விடத்தில் நினைவுகூர்கிறார். அவர் எடின்பரோ ஆசான் எட்மன்ஸ்டன் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள்.

1835 பிப்ரவரியில் சிலி நாட்டில் நகரங்களைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம், ஆண்டீசு மலையைக் கடந்தபோது ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் கல்லாகி நின்ற மரங்கள், பின்னர்க் கலாபகசுத் தீவுகள் என்று கடிதங்கள் தொடர்கின்றன. அறிவியல் பயிலும் மாணவர்கள் அவற்றை நேரிலேயே படித்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். மலையேறப் பணம் வேண்டுமெனில் டார்வின் தந்தையின் பெயரில் உண்டியல் எழுதி எடுத்துக்கொண்டார். செலவிற்கு மன்னிப்புக் கேட்டுச் சகோதரிகளுக்குக் கடிதம் எழுதினார், அவ்வளவே. 1913ஆம் ஆண்டு அதே இருபத்திரண்டு வயதில் நம் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகருக்குக் கப்பலேறினார். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் அவருடைய தந்தையார் மறைந்திருந்தார். பரோடா மன்னரின் உதவித்தொகைதான் துணை. அதற்கும் திரும்பி வந்து பத்தாண்டுகள் பணியாற்ற ஒப்பந்தம். தந்தையின் நண்பர் ஒருவருக்கு அவர் அங்கிருந்து எழுதிய கடிதத்தில் ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் படிக்க வைக்குமாறு வற்புறுத்தினார். ஒருவர் செலவிற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார், மற்றவர் ஊரில் இருக்கும் பெண்களின் படிப்பிற்காக எழுதினார். இரு கடிதங்களையும் அருகருகே வைத்துப் படிக்குமாறு நம் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

டார்வின் இந்திய மண்ணை மிதித்ததில்லை. ஆயினும் இந்தியர்களைக் கண்டார். 1836 ஏப்ரல் இறுதியில் கப்பல் மொரிசியசுத் தீவின் போர்ட் லூயி துறையை அடைந்தது. அங்கிருந்து கரோலினுக்குக் கடிதம் எழுதினார். வாழ்நாள் முழுவதும் நாடு கடத்தப்பட்ட இந்தியக் கைதிகள் அங்கே சாலை அமைப்பது போன்ற அரசுப் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள். அவர்களுடைய தோற்றத்தின் மேன்மையைக் கண்டு வியந்ததைப் பயண நூலில் பதிந்திருக்கிறார். அதற்கு ஓராண்டிற்கு முன்பே, 1834 நவம்பரில், விடுதலையான அடிமைகளுக்கு மாற்றாகக் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து அத்தீவிற்கு வரத் தொடங்கிவிட்டார்கள். பின்னர்ச் சென்னைத் துறையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவற்றில் நம் மக்களும் சென்றார்கள். அவர்களுடைய பயணமும் நெடும்பயணமே, அவர்களுள்ளும் இருபத்திரண்டு வயதினர் இருந்தார்கள். பெரும்பாலோருக்கு எழுத்தறிவு இல்லை. கப்பலில் எவருக்கு வாந்தி வந்தது, எவர் எந்தத் துறையில் வீட்டை நினைத்து அழுதார் என்பது எவருக்கும் தெரியாது. கைநாட்டு வைத்த பதிவேடுகளில் பெயரும் ஊரும் அடையாள மச்சமும் மட்டுமே எஞ்சியுள்ளன.

டார்வின் எழுதியவையோ ஏறக்குறைய முழுமையாகக் கிடைக்கின்றன. வீட்டார் ஒன்றையும் எறியாமல் காத்தார்கள். கடிதத் தொகுதியின் முதல் மடலம் 1985இல் கேம்பிரிட்ஜில் அச்சாகியது. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹென்ஸ்லோ தமக்கு வந்த கடிதங்களிலிருந்து சில பகுதிகளை 1835 இறுதியில் சிறு நூலாக அச்சிட்டுவிட்டார். தந்தை அதைப் படித்து மகிழ்ந்து போனார். நன்னம்பிக்கை முனையில் 1836 சூன் மாதம் அச்செய்தி எட்டியபோது டார்வினுக்குத் திகைப்பு. கவனமின்றி எழுதியதை அச்சிடுவது கூர்மையான கருவியோடு விளையாடுவது போன்றது என்னும் பொருள்பட கேத்தரினுக்கு எழுதினார். அக்கடிதங்களால்தான் அவர் ஊர் திரும்பும் முன்பே அறிஞர்கள் அவர் பெயரை அறிந்திருந்தார்கள்.

ஊருக்கு நேரே திரும்பும் என்று எதிர்பார்த்த கப்பல், அளவையைச் சரிபார்க்க மீண்டும் பாகியாவிற்குத் திருப்பப்பட்டது. கடலையும் அதில் மிதக்கும் கப்பல்கள் அனைத்தையும் தாம் வெறுப்பதாக 1836 ஆகஸ்டில் சூசனுக்கு எழுதினார். இரண்டு ஆண்டு என்று சொல்லிப் புறப்பட்ட பயணம் ஏறத்தாழ ஐந்தாண்டாகியிருந்தது. அக்டோபர் 2ஆம் நாள் பால்மத் துறையில் இறங்கி, இரவு பகலாகக் குதிரை வண்டியில் பயணம் செய்து, 5ஆம் நாள் காலை உணவு வேளையில், முன்னறிவிப்பின்றி வீட்டிற்குள் நுழைந்தார். தந்தை மகனைக் கண்டதும் பெண்மக்கள் பக்கம் திரும்பி, இவன் தலையின் வடிவமே மாறிவிட்டதே என்றாராம். ஒருகாலத்தில் எட்டுக் காரணங்கள் சொல்லித் தடுத்த அதே தந்தைதான்.